பெட்டியண்ணனின் வடம்வலி டீம்

கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை உள்ள ஜனங்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். பெட்டியண்ணனிடம் திட்டு வாங்கியவர்கள் ஒரு வகை. இனிமேல் வாங்கப்போகிறவர்கள் மறு வகை. செத்துப்போனால் தப்பித்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போட முடியாது. செத்த பிறகுதான் ஒருவர் முழுசாக அவர் கையில் போய்ச் சேருவார். அண்ணன் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார்.

சவப்பெட்டி மட்டும் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஃப்ரீசர் வாடகைக்கு உண்டு. கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டி உண்டு. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, அழுது களைத்தவர்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா ஊற்றிக் கொடுக்கப் பெரிய ஃபிளாஸ்க் வரைக்கும் உண்டு. இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் அவரவர் முறைப்படி எல்லாம் நடத்திக் கொடுப்பார். பக்கத்துக் கடையில் நான் அப்போது ஃபிளக்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக்குப் பலகை செய்து கொடுத்ததும் நான்தான். 'பெட்டி உண்டு' என்று மலையாளத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, அவ்வளவுதான் போடச் சொன்னார்.

"உங்க பேரு போட வேண்டாமா அண்ணா?" என்று கேட்டேன்.

"சாவு வீட்டுக்காரன் எவனாவது பேரு பாத்தா வருவான்? சாதனம் உண்டா இல்லியாண்ணு மட்டும்தான் பாப்பான். நீ உள்ளத எழுது மக்கா."

அதனால் அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் எல்லோருக்கும் அவர் பெட்டியண்ணன்தான். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் இருந்தது. அவர் தொண்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் வியாபாரம் பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும். என் வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும். கல்யாண ஃபிளக்ஸ் அடிக்க வந்த மாப்பிள்ளைகள், "ஒங்க அப்பாக்க உயரம் எவ்வளவு?" என்று அந்தப் பக்கமிருந்து வரும் குரலைக் கேட்டு, எழுத்துப்பிழை கூடப் பார்க்காமல் ஓடியிருக்கிறார்கள்.

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து நேரே வந்து இறங்கிய ஒருவர், கூலிங் கிளாஸைக்கூடக் கழற்றாமல், அப்பாவுக்குத் தேக்கில் பெட்டி வேண்டும், பித்தளைக் கைப்பிடி வேண்டும், உள்ளே பளபளப்பான மெத்தை வேண்டும் என்று அடுக்கினார். பெட்டியண்ணன் உளியைக் கீழே வைத்தார்.

"ஒங்க அப்பாவ எனக்குத் தெரியும். கட்டிலுக்க ஒரு காலு ஒடிஞ்சு, செங்கல்ல முட்டுக் குடுத்துக் கெடந்த மனுசனாக்கும். அப்பம் எங்க போச்சு ஒனக்க தேக்கு?"

வந்தவர் கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

"மாமரத்துல நல்ல பெட்டி உண்டு. அவருக்கு அது தாராளம். ஒங்க அம்மை அதே கட்டில்லதான் கெடக்குது. போற வழிக்கு ஒரு கட்டிலு வாங்கிட்டுப் போ."

அந்த மனிதர் மாமரப் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டில் கடைக்குப் போனார். இப்படி வந்த லாபத்தைக் காலால் தள்ளினால் கடை எப்படி ஓடும் என்று நான் கேட்டேன். "செத்தவன் திரும்பி வந்து கொறை சொல்ல மாட்டான். அவன ஏமாத்துறது எளுப்பம். அந்த எளுப்பத்துலதான் மக்கா எனக்கு ஒரு இது" என்றார். அந்த 'இது' என்னவென்று அவர் சொல்லவில்லை.

விளம்பரத்தில் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. உதியன்குளங்கரைக்கு முன்னால் ரோட்டில் ஒரு வளைவு. பைக்கில் வருகிற பயல்கள் அதில் சாய்ந்து சாய்ந்து போவார்கள். அங்கே ஒரு பெரிய ஃபிளக்ஸ் வைக்கச் சொன்னார். 'மெதுவாகப் போங்கள். எங்களுக்கு அவசரம் இல்லை. பெட்டி உண்டு.' நான் தயங்கித் தயங்கித்தான் அடித்துக் கொடுத்தேன். ஃபிளக்ஸ் வைத்த நாளிலிருந்து அந்த வளைவில் ஒருவன்கூட விழவில்லை. கிழவிகள் நடக்கிற வேகத்தில் பைக்குகள் போயின. பஞ்சாயத்து மெம்பர் நேரில் வந்து பொன்னாடை போர்த்தினார். பெட்டியண்ணன் பொன்னாடையை மடித்துக்கொண்டே என்னிடம் வந்து, "வெளம்பரம் வேல செய்தா வியாபாரம் கொறையுத ஒரே தொழிலு நம்ம தொழிலாக்கும்" என்று நொந்துகொண்டார். ஆனால் ஃபிளக்ஸ் கிழிந்தபோது புதிதாக ஒன்று அடிக்கச் சொன்னதும் அவர்தான்.

சாதித்த தொழிலதிபர்களைப் பேட்டி எடுத்து யூட்டியூபில் போடும் ஒரு பையன், அவரைத் தேடித் திருவனந்தபுரத்திலிருந்து வந்தான். காமிரா, மைக், விளக்கு எல்லாம் வைத்து, பெட்டிகளுக்கு நடுவில் அவரை உட்கார வைத்தான்.

"சார், உங்க டார்கெட் கஸ்டமர் யாரு?"

"எல்லாரும்தான்."

"அப்படி இல்ல சார். குறிப்பா எந்த மாதிரி ஆளுங்க?"

"எல்லாரும்தாண்ணு சொன்னேனே. நீயும் உண்டு."

பையன் தண்ணீர் குடித்தான். "சரி சார், போட்டியாளர்களை எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"அவங்களும் கஸ்டமருதான்."

"இன்னும் பத்து வருஷத்துல உங்க தொழில் எங்க இருக்கும்ணு நினைக்கிறீங்க?"

"அத நீ ஒனக்க ஆரோக்கியத்தப் பாத்து நீயே சொல்லு. ரொம்ப மெலிஞ்சிருக்க மக்கா. நேரத்துக்குத் திங்கணும், கேட்டியா?"

பையன் காமிராவை அணைத்துவிட்டான். போகும்போது அவனுக்கு அவர் வாங்கிக் கொடுத்த பொரித்த கோழியும் புரோட்டாவும் அந்த வீடியோவில் இல்லை.

இவ்வளவு பேசுகிறவருக்கு ஒரு குறை இருந்தது. அதையும் சத்தமாகத்தான் சொல்வார். எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். வெறுப்பெல்லாம் இல்லை. வீட்டில் ஒரு சாவு என்றால் முதல் போன் அவருக்குத்தான். கல்யாணம், புதுவீட்டுப் பாலுகாய்ப்பு, ஞானஸ்நானம் என்றால் மட்டும் அவர் ஞாபகம் யாருக்கும் வராது. அழைப்பிதழ் கொடுக்க வருகிறவர்கள் என் கடையில் ஒன்று வைப்பார்கள். அவர் கடை வாசலைத் தாண்டும்போது செல்போனை எடுத்து யாரோ கூப்பிட்ட மாதிரி காதில் வைத்துக்கொண்டு, அடுத்த பேக்கரிக்குள் நுழைந்துவிடுவார்கள்.

"இந்த ஏரியாவுல நான் காலு வைக்காத வீடு கெடையாது" என்பார். "ஒரு வீட்டுலயாவது ஒரு கிளாஸ் பாயசம் குடிச்சிருப்பனா? கட்டன்சாயா, கட்டன்சாயா, கட்டன்சாயா. ஒடம்புல ஓடுகது ரத்தமா கட்டன்சாயாவாண்ணு எனக்கே சம்சயம்."

அந்தப் பாயசத்துக்காகத்தான் அவர் வடம்வலி டீம் தொடங்கினார்.

வடம்வலி என்றால் கயிறு இழுக்கும் போட்டி. ஓணம் வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் நடக்கும். ஏழு பேர் இந்தப் பக்கம், ஏழு பேர் அந்தப் பக்கம். ஜெயிக்கிற டீமுக்கு ஒரு கோப்பை, ஒரு பெரிய ஏத்தன் வாழைக்குலை, முட்டனாடு என்கிற கிடா ஒன்று. அதோடு முடியாது. ஜெயித்த டீமையும் அதன் முதலாளியையும் செண்டை மேளத்தோடு ஊருக்குள் அழைத்துப் போவார்கள். வீட்டுக்கு வீடு நிறுத்தி, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பாயசம் கொடுப்பார்கள். பெட்டியண்ணனுக்குக் கோப்பையைப் பற்றியோ ஆட்டைப் பற்றியோ கவலை இல்லை. "மேளம் அடிச்சு ஒரு வீட்டுக்குள்ள போணும் மக்கா. உள்ள போகச்ச ஒருத்தியும் அழப்பிடாது" என்றார்.

டீம் முதலாளிகளைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயங்கள் உண்டு. "கிரிக்கெட்டு டீம் வாங்குகவன் எல்லாம் ஏலத்துல ஆளெடுக்கான். மாடு பிடிக்குத மாதிரி. பிளேயருக்க கொணம் அதுல எப்பிடித் தெரியும்?" அவர் ஆளெடுத்த விதம் வேறு. ஒரு பெட்டியில் அவரே படுத்துக்கொண்டு மூடியைச் சாத்தச் சொல்வார். வந்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலைக் கடந்து, ரப்பர் தோட்டத்தைச் சுற்றி, திரும்ப வர வேண்டும். உள்ளேயிருந்து அவர் சத்தம் போட்டுக்கொண்டே வருவார். "இடது பக்கம் தாழுது! யாருலே அது? எலே, மூச்சு வாங்காத, எனக்குக் கேக்குது!" ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடியவர்கள், அப்புறம் அந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வரவில்லை என்று கேள்வி.

அப்படித் தேறிய ஏழு பேரும் அவரிடமே வேலைக்குச் சேர்ந்தார்கள். போட்டி இல்லாத நாளில் பெட்டி தூக்குவார்கள். அவர்களில் பெரியவன் குட்டன். பெயர்தான் குட்டன், வாசலில் நுழைய வேண்டுமென்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான்.

பயிற்சிக்கு மற்ற டீம்கள் கப்பியில் இரும்பைக் கட்டித் தொங்கவிட்டு இழுப்பார்கள். பெட்டியண்ணன் இரும்புக்கு எங்கே போவார்? விற்காமல் கிடந்த ஒரு பெட்டியில் மணலை நிரப்பி, கடையோரப் பலாமரத்தில் கப்பி போட்டுக் கட்டினார். காலையில் ஏழு பேரும் வடத்தைப் பிடித்து இழுத்தால் சவப்பெட்டி மெல்ல மெல்ல மரத்தில் ஏறும். விட்டால் இறங்கும். மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் அங்கே வேகம் குறைந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் சிலுவை போட்டார்கள், சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பழைய மிஷன் சபையின் போதகர் ஸ்கூட்டரை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் கடைக்குள் வந்தார்.

"தம்பி, வேதத்துல உயிர்த்தெழுதல் ஒரு தடவதான் சொல்லியிருக்கு. இவரு காலம்பற இருந்து இருவது தடவ எழுப்பியாச்சு. கொஞ்சம் சொல்லப்பிடாதா?"

நான் போய்ச் சொன்னேன். "இறக்கவும் செய்யுதோம்ணு போதகர் ஐயருட்ட சொல்லு. கணக்கு சரியாப் போச்சு" என்று பதில் வந்தது.

ஜெர்சி நான்தான் அடித்துக் கொடுத்தேன். கறுப்புத் துணி. முதுகில் எண். நெஞ்சில், எதிரில் நின்று இழுக்கிறவன் கண்ணுக்கு நேராக, 'பெட்டி உண்டு. 24 மணி நேரமும்.' கீழே டீமின் முழக்கம்: 'இன்று இல்லாவிட்டால் நாளை.' முதல் போட்டியில் எதிர் டீமின் முன்னால் நின்றவன் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான். வாசித்து முடித்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தோற்றவர்கள் நடுவரிடம் புகார் கொடுத்தார்கள். விதிமுறையில் ஜெர்சியில் என்ன எழுதக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

டீம் போக வர அந்தக் கறுப்புக் கண்ணாடி வண்டிதான். அது வருவதைக் கண்டால் ரோட்டில் நிற்கிறவர்கள் மடித்துக் கட்டின முண்டு வேட்டியை இறக்கிவிட்டு மரியாதையாக நிற்பார்கள். கடைக்காரர்கள் ரேடியோவை அணைப்பார்கள். உள்ளே ஏழு தடியர்கள் வெள்ளரிக்காய் தின்றுகொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு முறை குட்டன் காற்று வேண்டுமென்று பின்கதவைத் தள்ளிக் கையை வெளியே நீட்ட, பின்னால் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் அப்படியே இறங்கி, சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, வந்த வழியே நடந்து போய்விட்டார். அந்த சைக்கிள் இரண்டு நாள் எங்கள் கடையில் கிடந்தது.

வடம்வலியில் ஏழு பேரின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. தராசில் ஏறினால் குட்டனால் எப்போதும் கொஞ்சம் கூடிவிடும். ஒரு போட்டியில் அவனைப் பிடித்து உட்கார வைத்து மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். மொட்டைத் தலையோடு அந்த வண்டியிலிருந்து அவன் இறங்கியதும், "ஆராணு மரிச்சது?" என்று ஊரே அவன் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தது. குட்டன் முதலில் மறுத்தான். அப்புறம் சலித்துப்போய், "ஒரு மீச" என்றான்.

பெட்டியண்ணன் வியாபாரத்தையும் வடத்தையும் ஒன்றாக்கி ஒரு தத்துவம் வைத்திருந்தார். "முன்னேறணும் முன்னேறணும்ணு எல்லாவனும் சொல்லுகான். வடத்துல பாரு, முன்னால போறவன் தோத்தான். பின்னால போறவனுக்காக்கும் கப்பு. நானும் அப்பிடித்தான். பக்கத்துக் கட வாங்கு, நெய்யாற்றின்கரையில ஒரு பிராஞ்ச் தொறண்ணு பேங்குக்காரன் சொன்னான். நான் அங்ஙன எங்கயும் போவல. பின்னாலயே நிக்கேன்." இதை வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசினார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஆனால் சங்கத் தலைவர் பாலராமபுரத்தில் நடந்த தன் மகள் கல்யாணத்துக்கு அவரைத் தவிர எல்லோரையும் கூப்பிட்டார்.

இப்படியே ஜெயித்து ஜெயித்து அந்த வருஷம் உதியன்குளங்கரையில் ஃபைனல் வரை வந்துவிட்டார்கள். எதிரில் வெள்ளறடை டீம். எல்லாம் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களின் கடைசி ஆள் ஸ்டான்லி. வடத்தைத் தோளில் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றிவிட்டால் அவனை அசைக்க லாரி வேண்டும். அவன் அம்மா நோயில் படுக்கையில் இருந்தாள். "நீ போய் வலிச்சிட்டு வாடே" என்று அவளே அனுப்பி வைத்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

மரச்சீனிக் கிழங்கு பிடுங்கின விளை நிலத்தில் கூட்டம் நெருக்கியது. பெட்டியண்ணன் கஞ்சி போட்ட இரட்டை முண்டு, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். இத்தனை காலத்தில் பெட்டிக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்ட் பொட்டு ஒட்டாத சட்டையில் அவரை நான் அன்றுதான் பார்த்தேன். செண்டைக்காரர்கள் ஒரு ஓரத்தில் தயாராக நின்றார்கள். "முதல்ல எந்த வீட்டுக்கு மக்கா கூட்டிட்டுப் போவாங்க?" என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் கேட்டார்.

முதல் இழுப்பு எங்களுக்கு. இரண்டாவது வெள்ளறடைக்கு. மூன்றாவதில் வடம் நடுவில் நின்று நடுங்கியது. பதினான்கு பேரும் கிட்டத்தட்டப் படுத்தே விட்டார்கள். "வலிக்கெடா! வலிக்கெடா!" என்று கூட்டம் கத்தியது. வடத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணி விரலளவு விரலளவாக எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. அப்போதுதான் பெட்டியண்ணனின் போன் அடித்தது.

என்ன நடந்தாலும் அவர் போனை எடுத்துவிடுவார். எடுத்தால் முதல் கேள்வி "எந்த வீடு?" இரண்டாவது "எவ்வளவு உயரம்?" அன்று முதல் கேள்வியோடு நின்றுவிட்டார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். போனை மெதுவாகப் பைக்குள் போட்டார்.

"ஸ்டான்லிக்க அம்மை" என்றார் என்னிடம். "போயாச்சு. அவனுக்குப் போன் போட்டுப் பாத்திருக்காவ. அவன் எடுக்கல."

அவன் எப்படி எடுப்பான்? எங்களுக்கு எதிரில் வடத்தைத் தோளில் சுற்றிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். சிவப்புத் துணி கோட்டைத் தொட இன்னும் ஒரு முழம்கூட இல்லை. செண்டைக்காரர் கோலை ஓங்கிவிட்டார். நான் பெட்டியண்ணனைப் பார்த்தேன். அவர் அந்தத் துணியைப் பார்த்தார், ஸ்டான்லியைப் பார்த்தார். பிறகு அவருடைய அந்தத் தொண்டை திறந்தது.

"விடுங்கலே!"

பெட்டி தூக்குகிறவர்களுக்கு அவர் பழக்கிய முதல் பழக்கம், அவர் விடச் சொன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் விட வேண்டும் என்பது. ஒருவன் யோசித்தாலும் பெட்டி சாய்ந்துவிடும். அதனால் ஏழு பேரும் யோசிக்கவில்லை. ஒன்றாக விட்டார்கள்.

வெள்ளறடை டீம் ஒட்டுமொத்தமாகப் பறந்தது. நடுவரின் மேஜை, இரண்டு குடை, மைக் செட்டின் ஒரு பெட்டி, பரிசு வைத்திருந்த பெஞ்சு எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு விழுந்தது. கட்டியிருந்த முட்டனாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. அறிவிப்பாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "பிரியப்பட்ட நாட்டுகாரே, இது பெட்டி டீமின்றெ புதிய தந்திரம்!" என்று மைக்கில் முழங்கினார். எங்கள் பக்கத்து ஆட்கள் பெட்டியண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். தோற்பதற்கு அவர் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று நாக்கூசாமல் பேசினார்கள்.

அவர் அந்தக் குவியலுக்குள் கையை விட்டு ஸ்டான்லியை எழுப்பினார். அவன் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"மக்கா, வா. வீடு வரைக்கும் போவோம்."

ஸ்டான்லி அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் ஒருவருக்கும் விளக்கம் தேவையில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பெட்டியண்ணன் கஞ்சி போட்ட முண்டோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கையைப் போட்டுக்கொண்டார். கூட்டம் சுற்றி நின்றது. விஷயம் ஒவ்வொருவராகப் பரவி, கடைசியில் செண்டைக்காரர்கள் மேளத்தை இறக்கிவைத்தார்கள்.

வெள்ளறடைக்காரர்கள் வந்த ஜீப் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் இரண்டு டீமும் கறுப்பு வண்டியிலேயே ஏறின. ஸ்டான்லி முன்சீட்டில். பின்னால் பதின்மூன்று தடியர்கள் ஒருவர் மடியில் ஒருவர். குட்டன் மடியில் மூன்று பேர். நானும் எப்படியோ அதற்குள் இருந்தேன். அடக்கத்துக்கு முந்தி அந்த அம்மாவைத் தூக்கிப் பெட்டியில் வைத்தவர்கள் அந்த இரண்டு டீமும்தான். எங்கள் ஏழு பேரும் ஜெர்சியைக் கழற்றி, எழுத்து தெரியாதபடி திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே செய்தார்கள். பெட்டியண்ணன் அன்று அந்த வீட்டில் ஒருவரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையா என்று போதகர் என்னிடம் கேட்டார்.

கோப்பை யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. ஏத்தன் குலையை முட்டனாடு தின்றுவிட்டது. முட்டனாட்டை யார் தின்றார்கள் என்று தெரியாது.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் போய், "இன்னும் ஒரு முழம் இழுத்திருந்தா ஜெயிச்சிருப்போம் அண்ணா. ஜெயிச்சிட்டே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"ஜெயிச்சிட்டு அவங்கிட்ட என்னத்தலே சொல்ல?" என்றார். கொஞ்ச நேரம் அடித்தார். அப்புறம், "பாயசம்ணா எனக்கு அவ்வளவு பெரிய காரியம் ஒண்ணும் இல்ல. சுகர் உண்டு" என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது என்று எனக்குத் தெரியும். எனக்கு அன்று வேலையே ஓடவில்லை.

அடுத்த வருஷம் ஓணத்துக்கு டீம் போகவில்லை. ஜெர்சிகள் கடையில் கிடந்தன. அது கழிந்து ஒரு நாள் ஸ்டான்லி வந்தான். என் கடையைத் தாண்டி நேரே அவர் கடைக்குள் போனான். தகரச் சுவருக்கு அப்பால் சட்டென்று சத்தம் நின்றது. நான் எழுந்து போய் வாசலில் நின்று பார்த்தேன். பெட்டியண்ணன் ஒரு மஞ்சள் கவரை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எந்த வீட்டுல? யாருக்கு?" என்றார்.

"எனக்காக்கும் அண்ணா. கல்யாணம்."

"பந்தலு வேணுமா? நாக்காலி எத்தன?"

"பந்தலுக்கு வேற ஆளு சொல்லியாச்சு. நீங்க வந்தாப் போதும்."

"நான் எதுக்கு?"

"சாப்பிட."

பெட்டியண்ணன் என்னைப் பார்த்தார். என்னிடம் உதவி கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு ஸ்டான்லியைப் பிடித்து ஒரு ஏசு ஏசினார். கல்யாண வேலை கிடக்கும்போது வெயிலில் இப்படி அலைவதா, அழைப்பிதழை வாட்ஸாப்பில் அனுப்பக் கூடாதா, உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று ரோட்டுக்குக் கேட்கும்படி கத்தினார். ஸ்டான்லி சிரித்துக்கொண்டே நின்றான்.

கல்யாணத்துக்கு நானும் அவரோடு போனேன். அவரிடம் வேறு வண்டி கிடையாது. வெள்ளறடையில் அந்த வீட்டுக்குத் தூரத்திலேயே, ரப்பர் மரங்களுக்குள் வண்டியை மறைத்து நிறுத்தப் பார்த்தார். மாப்பிள்ளைக் கோலத்தில் ஸ்டான்லியே ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான்.

"முன்வாசல்ல நிறுத்துங்க அண்ணா."

"எலே, கிறுக்கா ஒனக்கு? ஆளுக பயந்து ஓடிருவாவ!"

அப்படியேதான் நடந்தது. பாலராமபுரத்திலிருந்து வேனில் வந்த பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் வாசலில் அந்த வண்டியைப் பார்த்ததும், கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று முடிவுகட்டி, வேனைத் திருப்பி உதியன்குளங்கரை வரை போய்விட்டார்கள். போன் போட்டுப் போட்டுக் கூப்பிட்டு வர வேண்டியிருந்தது. இரண்டு கிழவர்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். பெட்டியண்ணன் கெஞ்சினார். "வண்டிய மாத்துதேன் மக்கா." ஸ்டான்லி சாவியைப் பிடுங்கித் தன் பட்டு ஜிப்பாவுக்குள் போட்டுக்கொண்டான். முன்வாசலிலேயே நின்றது வண்டி.

பந்தியில் அவருக்கு ஒரு பக்கம் குட்டன், மறு பக்கம் நான். எதிரில் வெள்ளறடை டீம் முழுவதும். பாயசம் வந்தது. பெட்டியண்ணன் இலையில் விழுந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாய் எடுத்தார். பிறகு பரிமாறுகிற பையனைப் பிடித்து, அடி பிடிச்சிருக்கு, தேங்காய்ப்பால் பத்தாது, ஏலக்காய் எங்கலே என்று ஒரு மூச்சு ஏசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னார். அந்தப் பையன் பயந்துபோய் வாளியை அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனான். பாயசம் அடி பிடித்திருக்கவே இல்லை.